வேன் சாப்பிடும் ஊர்

அடுத்தவன் தோட்டத்தில் ஆலங்கட்டி விழுவதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவர்களை வேனில் ஏற்றி, வேளைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கைதட்டுவதற்கு வாகான இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அதுதான் என் உத்தியோகமாக இருந்தது. பள்ளியில் என்னை உருப்படாதவன் என்று சொன்ன வாத்தியார் ஒருவர் இருந்தார். வானிலையைச் சரியாகக் கணித்த முதல் ஆள் அவர்தான்.

எங்கள் ஃப்ரியூலி சமவெளிக்கு வடக்கே மலை, தெற்கே கடல். இடையில் நாங்கள் அடுப்பில் ஏற்றிய வாணலி மாதிரி காய்ந்துகொண்டிருப்போம். கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் முட்டி மேலே ஏறும். உயரே வேறொரு காற்று வேறு திசையிலிருந்து வந்து அதை முறுக்கும். அப்புறம் மேகம் பம்பரமாகச் சுழல ஆரம்பித்தால், எலுமிச்சை அளவு, ஆரஞ்சு அளவு என்று வானத்திலிருந்து பழக்கடையே இறங்கும். ஐரோப்பாவின் இடிமழைக்குக் கோடை வாசஸ்தலம் எங்கள் ஊர்.

இதை விற்கலாம் என்று கண்டுபிடித்தவன் லோறிஸ். என்னோடு படித்தவன். 'கருமுகில் பயணங்கள்' என்று கம்பெனி தொடங்கினான். ஹாலந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும், சாதுவான வானத்தின் கீழ் வாழ்ந்து அலுத்தவர்கள் வருவார்கள். நான் தினமும் காலையில் போர்த்துகல் முதல் போலந்து வரை வரைபடத்தை விரித்து, வானிலை பலூன்கள் அனுப்பிய கணக்குகளைப் பார்த்து, இன்றைக்கு எந்த ஊர் நாசமாகப் போகிறது என்று சொல்வேன். வேன் அங்கே போகும். சில நாள் ஹங்கேரி, சில நாள் பவேரியா. பாதி நாள் எங்கள் ஊரையே தாண்ட வேண்டியிருக்காது.

மனசாட்சிக்கு மருந்தாக ஒன்று வைத்திருந்தேன். அதே வரைபடத்தைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் என் பெயர் போட்டு இலவசமாக வெளியிடுவோம். முதல் நிலை, இரண்டாம் நிலை, எல்லாவற்றிலும் மோசமான மூன்றாம் நிலை என்று நிறம் தீட்டி. அரசாங்க எச்சரிக்கை சமவெளி முழுவதற்கும் பொதுவாக வரும். ஜூலையில் அது ஆரஞ்சு நிறமாக இல்லாத நாளே கிடையாது, அதனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னுடையது ஊர் பெயரோடு இருக்கும். விவசாயிகள் படித்தார்கள்.

படித்தார்கள், ஆனால் நம்பவில்லை. தப்பு என்மேல்தான். ஒரு ஏப்ரல் முதல் தேதி, வாலெரிஸ் கிராமத்தில் மதியம் தவளை மழை பெய்யும் என்று விளையாட்டாக எழுதிவைத்தேன். அந்த ஊர்ப் பாதிரியார் அதைப் பூசை முடிவில் பக்தியோடு அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் வாலெரிஸ் சிரிக்கும்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். வரைபடத்தில் எவன் எதை வேண்டுமானாலும் வரையலாம். மதியச் சாப்பாட்டை மட்டும், புயல் எங்கே வரும் என்று நிஜமாக நம்புகிறானோ அங்கேதான் சாப்பிடுவான். புயல் வேட்டைக்காரர்கள் மேகம் பிறப்பதற்கு முன்பே போய், அந்த ஊரிலேயே சாப்பிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கம். ஆகவே, கறுப்பு வேன் எந்த ஊரில் சாப்பிடுகிறதோ அந்த ஊரில் அன்று சாயங்காலம் ஆலங்கட்டி. வாலெரிஸில் சாப்பாட்டுக்கடை நடத்தும் தூலியோ, எங்கள் வேன் சதுக்கத்தில் நுழைந்தாலே கிண்ணத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கடவுளை ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். உடனே ஊரில் ஜன்னல் கதவுகள் சாத்தப்படும், கார்கள் கூரைக்குள் போகும், யாராவது ஓடிப்போய்த் தேவாலய மணியை அடிப்பார்கள். வேலை நாளில் நடுமதியம் மணி அடித்தால், வயலில் இருப்பவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்கு ஓடு.

எங்களைக் கழுகுக் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஆனாலும் சாப்பாடு போடுவார்கள். வாலெரிஸின் பெருந்தன்மை அப்படி.

அந்த வியாழக்கிழமை காலையில் நான் போட்ட கணக்கில் சந்தேகமே இல்லை. டால்யமெந்தோ ஆற்றின் கிழக்குக் கரை, மூன்றாம் நிலை, பெரிய ஆலங்கட்டி. சிவப்பு வட்டத்தின் நடுவில் வாலெரிஸ். லோறிஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, திருமணச் சாப்பாட்டின் வாசனை வந்தவன் மாதிரி மூக்கை உறிஞ்சினான்.

"அருமை ராசா, அருமை. இதை நானே பக்கத்துல ஏத்திடறேன். நீ போய் வண்டிக்கு டீசல் போடு."

நான் டீசல் போடப் போனேன். காற்று எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, பக்கத்தில் நிற்கிறவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று தெரியவில்லை.

மதியம் லோறிஸ் எங்களை மேற்கே, பியாவே ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். வாலெரிஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல். வேனைப் பெரிய சாலையை ஒட்டி, கம்பெனி பெயர் தெரிகிற மாதிரி நிறுத்தச் சொன்னான். மேசையையும் வெளியிலேயே போடச் சொன்னான்.

"இங்க எதுக்குடா?" என்றேன்.

"மீன் நல்லாருக்கும்."

மீனைவிட எங்களோடு வந்த கூட்டம்தான் நன்றாக இருந்தது. பழைய பயணங்களின் படங்களைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலந்துக்காரப் பல் டாக்டர் யோஸ்த் வருடா வருடம் வருகிறவர். போன கோடையில் சிதைந்த ஒரு திராட்சைத் தோட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஓரத்தில் ஒரு மனிதன் தலையில் கைவைத்து நின்றான். "இந்த ஆள் நடுவுல வந்து கெடுத்துட்டான், வெட்டி எடுத்துடணும்" என்றார். தோட்டமே அவனுடையது.

அப்புறம் அதே டாக்டர் என் பக்கம் சாய்ந்து, கண்ணைச் சிமிட்டி, போனை நீட்டினார். "பிரமாதமான தந்திரம்! யாருமே வரமாட்டாங்க. ரோடு முழுக்க நமக்குத்தான்."

பார்த்தேன். வாலெரிஸைச் சுற்றி நான் வரைந்த சிவப்பு வட்டம் அப்படியே நகர்ந்து பியாவே ஆற்றின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. டால்யமெந்தோவின் கிழக்குக் கரை சுத்தமான வெள்ளை. கீழே என் பெயர்.

மேசை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பாராட்டுகிறார்கள்.

"என்னடா இது?" என்றேன் லோறிஸிடம்.

"கத்தாத. போன வாரம் மத்த வேட்டைக்காரனுங்க கார் எத்தனை, பாத்தியா? சந்துல மாட்டி, நம்ம ஆளுங்க ஒரு கட்டி கூடப் பாக்கல. பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. 'தனி வானம்'னு சொல்லி வித்திருக்கோம். அவனுங்க உன் படத்தைப் பாக்கறானுங்க. இல்லன்னா நாம எங்க திங்கறோம்னு பாக்கறானுங்க. சரி, பாத்துக்கோன்னு தட்டை இங்க வெச்சேன். சாப்பிட்டு முடிச்சு ஒரே ஓட்டமா கிழக்க போயிடலாம்."

"அங்க ஊர்க்காரங்களும் பாக்கறாங்கடா."

"அதுக்கு? அவங்க கூரையை நானா ஒடைக்கறேன்? வானம் ஒடைக்குது." மீன் முள்ளை நாக்கால் ஒதுக்கி விரலால் எடுத்து மேசைவிரிப்பில் துடைத்தான். "நீ நல்ல ஆளு எர்மெஸ். ஆனா நல்லவனா இருக்கறதுக்கு நேரம் பாக்கணும்."

இத்தனை வருடம் இவனோடு ஒரே வேனில் மூச்சு விட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது குளிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் என் போனைப் பார்த்தேன். காலையில் வந்த செய்தி, நான் டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. நீவெஸ். வாலெரிஸ் பள்ளிக்கூடத்தில் வேலை, விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்பவள். நான் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவதற்கு அவளும் ஒரு காரணம். 'யோவ் தவளை, இன்னைக்கு மேற்கதானே? படம் பாத்தேன். வேனும் அங்கயே தின்னா பசங்களை சைக்கிள்ல ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.'

டால்யமெந்தோ அங்கே ஆறு இல்லை. வெள்ளைக் கூழாங்கல் பாலைவனம், நடுவில் ஒன்றிரண்டு நீரோடை. மைல் கணக்கில் அகலம். ஒரு மரம் கிடையாது, ஒரு கூரை கிடையாது. எலுமிச்சை அளவு பனிக்கட்டி விழுந்தால் தலைக்கு மேலே பிடிக்கக் கையைத் தவிர வேறொன்றும் இல்லை.

கூப்பிட்டேன். நல்லவேளையாக எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"நீவெஸ், உடனே திரும்பு. படம் தப்பு. ஆலங்கட்டி அங்கதான் வருது."

"ஆமாமா. தவளையோடயா, தனியாவா?"

"விளையாடல. சத்தியமா."

"சத்தியம் போன தடவையும் பண்ணின. இங்க ஒரு பொட்டு மேகம் இல்ல. நீ எங்க இருக்க?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நான் சொல்லட்டுமா? பியாவே கரையில மீன் தின்னுட்டிருக்க. தூலியோ அண்ணனோட மச்சான் லாரில போறப்ப வேனைப் பாத்துட்டு ஊருக்கே போன் போட்டுட்டாரு. நிஜமாவே இங்க வர்றதா இருந்தா நீ ஏன் அங்க திங்கற?" சிரித்தாள். "போனைப் பையில போடறேன், தண்ணில விழுந்துடும். மீனை மென்னு தின்னு."

தூலியோவைக் கூப்பிட்டேன். "மீன் எப்படி?" என்று கேட்டு வைத்துவிட்டார். ஊரே என் தட்டை நம்பியது, என் வாயை நம்பவில்லை. ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் கோமாளித்தனம் பண்ணினால் கடைசியில் அவன் வயிற்றுக்குத்தான் மரியாதை மிஞ்சும்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எழுந்தேன். "எல்லாரும் வண்டில ஏறுங்க. சாப்பாடு வேற ஊர்ல."

"உக்காருடா," என்றான் லோறிஸ்.

"மேகம் சீக்கிரமே பொறக்குது. வேணும்னா இருந்து மீன் தின்னுங்க, கட்டியை நான் மட்டும் பாத்துக்கறேன்."

அந்த ஒரு பயம் போதும். புயல் கைநழுவிப் போகிறது என்றால் இவர்கள் பெற்ற தாயையும் மேசையில் விட்டுவிட்டு எழுந்து வருவார்கள். டாக்டர் யோஸ்த் மட்டும் மீனை விடவில்லை. துணியில் சுருட்டி வேனுக்குள் கொண்டுவந்து வழியெல்லாம் தின்றார். மூடிய ஜன்னல், பொரித்த மீன், வியர்வை, இவர்களின் உற்சாகம். எனக்கு எது அதிகம் குமட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லோறிஸ் பக்கத்து இருக்கையில் பல்லைக் கடித்தான். "இப்பவே போனா எல்லாப் பயலும் பாத்துடுவான்."

"பாக்கட்டும்."

வடக்கே, மலையின் தோளில், ஒரு வெள்ளைக் காலிஃபிளவர் முளைத்து வளர்ந்துகொண்டிருந்தது. அதன் தலை இன்னும் தட்டையாகவில்லை; தட்டையானால் கட்டி விழும். நான் பார்த்ததிலேயே அழகான மேகம் என்று ஒரு வினாடி நினைத்தேன். உடனே என்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆற்றுப் பாலத்தின்மேல் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். கூழாங்கல், கூழாங்கல், கானல். எந்தத் திட்டில் இருக்கிறார்கள் என்று நான் எங்கே போய்த் தேட? தேடத் தெரிந்தவர்கள் ஊருக்குள் இருந்தார்கள். அவர்களைக் கிளப்ப எனக்கு ஒரே வழிதான் தெரியும்.

வாலெரிஸ் சதுக்கத்தில், நட்டநடுவில், வேனை நிறுத்தினேன். வெயில் கண்ணைக் குத்தியது. தூலியோ கடைவாசலில் கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி, வெளிமேசையில் உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஊர் கேட்கக் கத்தினேன்: "தூலியோ அண்ணே! ஃப்ரீகோ! பெரிய தட்டு!"

அவர் கை நின்றது. வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீல வானத்தைப் பார்த்தார். "நீ அங்க இல்ல தின்ன?"

"அங்க தின்னல. இங்கதான் திங்கப் போறேன்."

அவர் இன்னும் நகரவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை, அடுத்த வாசலில் இரண்டு. ஊர் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. தூலியோ உள்ளே போய், பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மொறுமொறுவென்று வார்த்த ஃப்ரீகோவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இடுப்பில் கைவைத்து நின்றார். "தின்னு பாப்போம்."

என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான ஒன்றை அவ்வளவு அருவருப்போடு தின்றதில்லை. உள்ளே போகவில்லை. எங்கோ கூழாங்கல்லில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுந்து ஓடினால் இதுவும் தவளை என்று நினைப்பார்கள். உட்கார்ந்து மெல்ல வேண்டும். முதல் வாய் களிமண். விழுங்கினேன். இரண்டாம் வாயும் விழுங்கினேன். நான் சாப்பிடுவதைப் பார்த்து டாக்டர் யோஸ்த்தும், மீன் தின்ற வாயோடு, தனக்கும் ஒரு தட்டு கேட்டார்.

தூலியோ கடவுளை அந்தக் கெட்ட வார்த்தை சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே சத்தம். ஜன்னல்கள் பட் பட்டென்று அடைந்தன. மணி அடிக்க ஆரம்பித்தது. "நீவெஸ் பசங்களோட ஆத்துல!" என்று நான் கத்தியதை இப்போது எல்லோரும் கேட்டார்கள், வாய் நிறைய ஃப்ரீகோ இருந்ததால் நம்பினார்கள் போல. ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றும் தொட்டியை இழுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பறந்தது. தொட்டியில் தார்ப்பாய் சுருட்டிக் கிடந்தது.

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நிறுத்த பயம்.

மேகத்தின் தலை தட்டையாகி வெயிலை மறைத்தது. சதுக்கம் பச்சை நிறமானது. காற்று ஒருமுறை நின்று, ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி வீசியது. வேனிலிருந்து எங்கள் ஆட்கள் தலைக்கவசங்களை எடுத்து மாட்டிக்கொண்டு சதுக்கத்தை ஒட்டிய வளைவு மண்டபத்தின் கீழ் இடம் பிடித்தார்கள். லோறிஸ் கேமராவைத் துடைத்தான். யாருக்குத் தலைக்கவசம் தேவையோ அவர்கள் இன்னும் வரவில்லை.

டிராக்டர் திரும்பி வந்தபோது முதல் கட்டிகள் கூரை ஓட்டில் உடைந்துகொண்டிருந்தன. தார்ப்பாய் தானே குதித்துக் குதித்து அழுதது. ஆட்கள் ஓடிப்போய்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மண்டபத்துக்குள் கொண்டுவந்தார்கள். கடைசியாக நீவெஸ் இறங்கினாள். நெற்றியில் ரத்தக் கீறல். பிள்ளைகளின் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்து மூச்சு விட்ட பிறகுதான் என்னைப் பார்த்தாள். நான் கழுத்துத் துணியோடு, வாயில் கவளத்தோடு நின்றேன்.

வானம் உடைந்தது. தூலியோவின் திராட்சைப் பந்தல் எங்கள் கண்முன்னே கந்தலானது. வேனின் கண்ணாடி உள்ளே விழுந்தது. ஓட்டுத் துண்டுகள், கிளைகள், ஒரு புறா. எங்கள் கூட்டம் கைதட்டியது. உண்மையாகவே கைதட்டியது, 'ஓ, ஓ' என்று, வாணவேடிக்கை பார்ப்பதுபோல்.

டாக்டர் யோஸ்த் மண்டபத்தின் ஓரத்தில் உருண்ட கட்டி ஒன்றைப் பொறுக்கினார். அழுதுகொண்டிருந்த சிறுமி ஒருத்தியிடம் நீட்டினார். "கன்னத்துக்குப் பக்கத்துல பிடிம்மா. அளவு தெரியணும்ல. அழறதும் நல்லாத்தான் இருக்கு."

நீவெஸ் அந்தக் கட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். அமைதியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க பல் டாக்டர்தானே?" என்றாள்.

"ஆமா."

அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "கடிங்க பாப்போம்."

மண்டபம் சிரிக்கவில்லை. டாக்டர் கேமராவை இறக்கினார்.

மழை விட்டதும் லோறிஸ் உடைந்த வேனைச் சுற்றி வந்து, நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்றான். வந்திருப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. அன்று சாயங்காலமே கம்பெனியின் பக்கத்தில் சிவப்பு வட்டம் சத்தமில்லாமல் வாலெரிஸுக்குத் திரும்பிவிட்டது. கீழே டிராக்டரின் படம், 'எங்கள் கணிப்பு பிள்ளைகளைக் காப்பாற்றியது' என்ற வரியோடு. அழுத சிறுமியும் ஒரு மூலையில் இருந்தாள். நூற்றுக்கணக்கில் இதயக் குறிகள். அடுத்த கோடைக்கு இடமே இல்லையாம். நான் போனைக் கழுவ முடியுமா என்று யோசித்தேன், கையைக் கழுவிக்கொண்டேன்.

இப்போது பழ விவசாயிகளின் சங்கம் ஒன்றுக்கு வரைபடம் போடுகிறேன். அவர்கள் யாரும் கைதட்டுவதில்லை. நிம்மதி.

செப்டம்பரில் ஒரு நாள். போர்த்துகலிலிருந்து போலந்து வரை வரைபடத்தில் ஒரு கறை இல்லை. சட்டையை இஸ்திரி போட்டு, சைக்கிளை மிதித்து வாலெரிஸுக்குப் போனேன். தூலியோவின் வெளிமேசையில் உட்கார்ந்து, நீவெஸ் அந்தப் பக்கம் வருவாளா என்று பார்த்தபடி ஃப்ரீகோ கேட்டேன்.

கிண்ணம் துடைக்கும் கை நின்றது.

"அண்ணே, சும்மா வந்தேன். வானத்தைப் பாருங்க!"

"அன்னைக்கும் வானம் இப்படித்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

எதிர் வீட்டு ஜன்னல் பட்டென்று அடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு கார் பின்னோக்கிக் கொட்டகைக்குள் போனது. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி, விளையாட்டில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை என்று கத்தினேன். அதுதான் கடைசி ஆணி. மணி அடிக்க ஆரம்பித்தது.

நீவெஸ் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"யோவ், எந்திரி. சாப்பிடாத. ஊரையே கொல்லப் போற."

"பசிக்குது, நீவெஸ்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சைக்கிளைச் சந்துல போடு. பின்வாசல் வழியா எங்க வீட்டுக்கு வா. யாரும் பாக்கக் கூடாது."

கதவுகளையெல்லாம் சாத்திய அந்தச் சமையலறையில், விளக்கைப் போட்டுக்கொண்டு, திருடன் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள். வைத்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலிடுக்கு வழியாக ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.